டேப்லெட்டில் ஓவியம் பழகுவது காகிதத்தில் பழகுவதற்கு ஈடாகுமா?

கேள்வி: கோபி வாசகி

வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சிறு வயது முதலே பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் வரைந்து வருகிறாள். அடுத்து கோவையிலோ திருப்பூரிலோ ஆடை வடிவமைப்புப் படிக்க விரும்புவதால், இப்போதே டேப்லெட் வாங்கித் தரும்படி கேட்கிறாள். அவளுடைய ஓவிய ஆசிரியரோ, திரையில் வரைவது ஓவியமே ஆகாது என்றும், பிழையை ஒரு தொடுதலில் நீக்கிவிடும் வசதி கையைக் கெடுத்துவிடும் என்றும் உறுதியாகச் சொல்கிறார். செலவைப் பற்றி நான் பெரிதாக எண்ணவில்லை. அவளிடம் இருக்கும் திறமை குன்றிவிடக் கூடாது என்பதே என் கவலை. இரண்டு முறைகளிலும் வரைந்து பழகியவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: நொய்யல்கரை

அம்மா, நான் திருப்பூரில் பின்னலாடை அச்சு வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். திரையில் வரைவது ஓவியமே ஆகாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல பத்தாண்டுகள் எண்ணெய் வண்ணத்திலும் அக்ரிலிக்கிலும் வரைந்த பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி, எழுபது வயதைக் கடந்த பிறகு ஐபேடில் வரையத் தொடங்கினார்; 2011ஆம் ஆண்டு யார்க்‌ஷயரில் வசந்தம் வருவதை அதிலேயே தொடராக வரைந்தார். அந்தப் படங்கள் பெரிதாக அச்சிடப்பட்டு, மறு ஆண்டு லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஆனால் வண்ணத்தைப் பொறுத்தவரை உங்கள் ஆசிரியர் பக்கம்தான் நிற்பேன். திரை வண்ணத்தை ஒளியால் உண்டாக்குகிறது. அங்கே சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தெரியும். சாயமும் மையும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு மீதியைத்தான் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே சிவப்புச் சாயத்தோடு பச்சைச் சாயத்தைக் கலந்தால் மங்கிய பழுப்புதான் கிடைக்கும். திரையில் பளிச்சிடும் சில பச்சைகளும் நீலங்களும் பருத்தித் துணியில் எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. அதனால்தான் நாங்கள் திரையை நம்பாமல் ஷேட் கார்டை (வண்ண மாதிரி அட்டையை) வைத்துப் பார்த்து வண்ணத்தை முடிவு செய்கிறோம். கிண்ணத்தில் வண்ணம் குழைத்துப் பழகிய பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும். திரையில் மட்டுமே பழகியவருக்கு முதல் சாம்பிள் அச்சாகி வரும்போதுதான் விளங்கும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ஸ்கிரீன், அதாவது மையைத் துணியில் இறக்கும் வலைச் சட்டம், வேண்டும். டேப்லெட்டில் வண்ணங்களைத் தனித்தனி லேயர்களாக (அடுக்குகளாக) வரைந்து வைத்திருந்தால் அந்தப் பிரிப்பு வேலை பாதி முடிந்ததாகிவிடும். ஆகவே இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பெண்ணுக்கு டேப்லெட் தேவைதான்.

பதில்: பவானிக் கூடல்

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் காகிதமே. ஒளி விழும் இடத்தை முதலிலேயே முடிவு செய்து, அதைத் தீண்டாமல் விட்டுவைக்க வேண்டும். வண்ணம் காயும்போது சற்று வெளிறும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். இப்படித் தூரிகையை வைப்பதற்கு முன்பே முழுப்படத்தையும் மனத்தில் பார்த்துவிடும் பழக்கத்தைத்தான் அந்த ஆசிரியர் காப்பாற்ற நினைக்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதே சமயம், திருத்துவது மரபுக்கு அந்நியமானதும் அன்று. எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவதால், ஓவியர் நாள்கணக்கில் அதைச் சுரண்டலாம், குழைக்கலாம், மேலே மீண்டும் தீட்டலாம். எனவே அழிக்கும் வசதியைக் காட்டி மட்டும் திரையை ஒதுக்குவது முறையாகாது.

நான் அஞ்சுவது பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைத்தான். ஒரு கண்ணை மட்டும் திரை நிறைய விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் வரைகிறார்கள். பழைய அளவுக்குத் திரும்பிப் பார்த்தால் முகமே கோணியிருக்கிறது. சுவரிலோ பெரிய தாளிலோ வரைபவர் தோளிலிருந்து கையை வீசி, அவ்வப்போது பின்னால் நகர்ந்து நின்று பார்த்துக்கொள்கிறார். கோவைக்கு அருகில் குமிட்டிபதிக் குன்றில் வெள்ளை நிறத்தில் தீட்டியிருக்கும் பழைய பாறை ஓவியங்களை வாய்ப்பிருந்தால் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். பாறையின் மேடு பள்ளமும் அந்த இடத்தின் வெளிச்சமும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை நேரில்தான் உணர முடியும்.

பதில்: சென்னிமலைத் தறி

இரண்டும் எதிரெதிர் அல்ல என்பதற்கு துணியிலேயே பூ வடிவங்களை நெய்யும் எங்கள் ஊர் ஜக்கார்டு தறியே சான்று. கட்டமிட்ட தாளில் பூவை வரைந்து, எந்தப் பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) எழ வேண்டும், எது எழக் கூடாது என்று கட்டம் கட்டமாகக் குறித்து, அதற்கேற்ப அட்டையில் துளையிடுவார்கள். துளை உண்டு, இல்லை என்ற அந்த இரண்டே நிலைகளில் முழு வடிவமும் அடங்கிவிடும். 1804ஆம் ஆண்டளவிலேயே பிரான்சில் ஜக்கார்டு வகுத்த முறை இது. இன்று அட்டைக்குப் பதிலாகக் கணினிக் கோப்பு வந்திருக்கிறது. கட்டத்தாளில் கையால் குறித்துப் பழகியவர்கள் கணினிக்கு மாறியபோது திணறவில்லை. நூல் எங்கே நீளமாக மிதந்து துணியைக் கெடுக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நேரடியாகக் கணினிக்கு வந்தவர்களுக்கு அதைத் தறியருகே நிறுத்தித்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கோபி வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. காகிதப் பயிற்சியை நிறுத்தாமல் டேப்லெட்டும் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். திரையில்லாத, விலை குறைந்த வகை தொடக்கத்துக்குப் போதுமா?

நொய்யல்கரை

போதும், அம்மா. கண் கணினித் திரையிலும் கை பலகையிலும் இருப்பது முதலில் தடுமாற்றமாக இருக்கும். விடாமல் வரைந்தால் பழகிவிடும். பேனா அழுத்தத்துக்கு 8192 நிலைகள் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பலகையின் பரப்பு அவள் கை தாராளமாக வீசும் அளவுக்கு இருக்கிறதா என்பதை மட்டும் கடையிலேயே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.