ஊருணி நீரில் பிறைவடிவப் பச்சைப்பாசி: சிற்றினம் காண உதவி தேவை

தேவிபட்டினத்துக்கு அருகில், கடற்கரைக்கு எட்டும் தொலைவிலுள்ள எங்கள் ஊர் ஊருணியில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை முதல் வாரத்தில் படித்துறைக் கல்லில் படிந்திருந்த பாசியைச் சுரண்டி எடுத்து 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தேன். பிறை நிலாவைப் போல வளைந்த ஒற்றைச் செல்கள். செல்சுவர் வழவழப்பானது, உள்வளைவின் நடுப்பகுதி சற்றே புடைத்திருக்கிறது. இரு முனைகளிலும் உள்ள குமிழிகளுக்குள் நுண்படிகங்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத காட்சி அது. ஆகவே பேரினம் குளோஸ்டீரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிற்றினத்தில்தான் சிக்கிக்கொண்டேன். அளந்த 20 செல்களின் நீளம் 340 முதல் 390 மைக்ரோமீட்டர் வரை இருப்பதால், நீளத்தை மட்டும் கொண்டு மொனிலிஃபெரம், எரன்பெர்கியை ஆகிய இரண்டையும் பிரிக்க இயலவில்லை. அயோடின் இட்டதும் பசுங்கணிகத்துக்குள் மாவுச்சத்து சூழ்ந்திருக்கும் புரத மணிகளான பைரினாய்டுகள் கருத்துத் தெரிந்தன. மொனிலிஃபெரத்துக்கு உரியபடி பெரும்பாலான செல்களில் அவை நடுவே ஒரே வரிசையில் நிற்கின்றன. நான்கு செல்களில் மட்டும், எரன்பெர்கியையில் காண்பது போலச் சிதறிக் கிடக்கின்றன. அடுத்தடுத்த இரு வாரங்களில் புதிதாக எடுத்த நீரிலும் இதே கலப்புதான். செல்லைப் புரட்டிப் பக்கவாட்டில் பார்த்தும் தெளிவு பிறக்கவில்லை.

இவை ஒரே ஊருணியில் வாழும் இரண்டு சிற்றினங்களா, அல்லது மொனிலிஃபெரத்துக்குள்ளேயே காணப்படும் வேறுபாடா?