புதுப்பிப்பு: காட்பாடி வீட்டு ஷவர் சுவருக்கு எந்த போர்டு?

மாடி பாத்ரூமில் செங்கல் சுவர் எழுப்பினால் பாரம் கூடும், இரும்புச் சட்டத்தில் போர்டு அடித்து டைல்ஸ் ஒட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது.

கடையில் பச்சை ஜிப்சம் போர்டையே காட்டினார்கள். அது ஈரக்காற்றைத் தாங்கும். வாஷ்பேசின் பக்கத்துக்குப் போதும். தினமும் தண்ணீர் அடிக்கும் இடத்துக்கு ஆகாது. டைல்ஸ் இடுக்கில் கசியும் ஈரம் உள்ளே போனால் ஜிப்சம் ஊறி நொறுங்கும். அதனால் 12 மி.மீ. சிமென்ட் போர்டு வாங்கினேன்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிமென்ட் போர்டு நனைந்தாலும் கெடாதே தவிர, தண்ணீரைத் தடுக்காது. இணைப்புகளில் வலை நாடா ஒட்டி, மூலைகளையும் திருகுத் தலைகளையும் மூடி, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். “ஒரு கோட் போதும் சார்” என்றார் மேஸ்திரி. நான் விடவில்லை. முதல் கோட் காய்ந்தபின் குறுக்குவாக்கில் இரண்டாவது.

அப்புறம் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். கீழ் அறைக் கூரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. டைல்ஸை சிமென்ட் பாலில் பதிக்காமல் பசையில்தான் ஒட்டினோம்.

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.