புதுப்பிப்பு: முடிச்சாச்சு மக்கா, பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டும் (பாட மதிப்பு அலகு)!

போன வருஷம் இங்க புலம்பியிருந்தேன்ல, காலேஜைப் பாதியில விட்டவ அமெரிக்காவுல ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துல ஆன்லைனில் பல்துறை இளங்கலை சேர்ந்திருக்கேன், முடிப்பேனான்னு தெரியலன்னு? முடிச்சுட்டேன்.

பழைய காலேஜ் பாடங்கள் கொஞ்சத்தைக் கணக்குல எடுத்துக்கிட்டாங்க. பைபிள் பாடம் கட்டாயம். சண்டே ஸ்கூல் தைரியத்துல எழுதின முதல் கட்டுரைக்கு 'சி' போட்டாங்க. பிரசங்கம் வேற, ஆய்வு வேற போல.

நேரம்தான் படுத்திருச்சு. நியூயார்க் நேரம் சாயங்காலம் 7 மணி வகுப்புன்னா பாளையங்கோட்டையில விடிகாலை 4.30. குளிர்காலத்துல அவங்க கடிகாரத்தை மாத்துனா 5.30. "ஏட்டி, இந்நேரத்துல யாருகிட்ட இங்கிலீஷ் பேசுத?"ன்னு அம்மா முழிச்சுக்குவா.

கடைசி ஆய்வுக்கு வரலாறு, மொழியியல், இறையியல் மூணையும் சேக்கணும். கால்டுவெல்லை விட்டா வேற யாரு? 1841ல் நம்ம பக்கத்து இடையன்குடிக்கு மிஷனரியா வந்தவர், 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். பஸ் ஏறிப் போய், 1880ல் திறந்த அந்த ஊர் தேவாலயத்தையும், பனங்காட்டையும், தேரிங்கிற செம்மணல் மேட்டையும் பாத்துட்டு வந்து எழுதுனேன். "தேரின்னா என்ன?"ன்னு பேராசிரியர் கேட்டார். செருப்புல ஒட்டியிருந்த செம்மண்ணை வெள்ளைத்தாள்ல தட்டி, போட்டோ எடுத்து அனுப்புனேன். அந்த ஆய்வுக்கு 'ஏ'.

அரசு வேலைக்குச் செல்லுமான்னு கேட்ட அண்ணாச்சிக்கு: வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்துக்கு, இந்தியப் பட்டத்துக்குச் சமம்னு சொல்லுற இணைச் சான்று தானா வந்துராது. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியைப் பாத்துருங்க. நான் வேலைக்காகப் படிக்கல, அதனால தப்பிச்சேன்.