அணைத் தண்ணீரில் துருப்பிடிக்காத மடக்குக்கத்தி வேணுமா, பட்டறைக் கத்தி போதுமா?

மேட்டூர்_வலை:
மேட்டூர், பவானிசாகர் அணைகளில் வலை போடுகிற படகுக்கு ஒரே ஒரு கத்திதான் வைப்பதென்றால் எதை வைக்கலாம்? கடல் படகுக்கென்றே எச்1, எல்சி200என் என்ற உருக்குகளில் மடக்குக்கத்தி விற்கிறார்கள், விலை அதிகம். லாரி கமான் பட்டையில் பட்டறைக்காரர் அடித்துத் தரும் கத்தி மலிவு. அந்த ஒரே கத்தியை ஸ்க்ரூ முடுக்கவும் நெம்பவும் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடுதுறை_பரிசல்:
ஆத்துல போட்டாலும் அளந்து போடணுமுங்க. கடல் தண்ணியில ஏறக்குறைய 3.5 சதவீதம் உப்பு. நம்ம காவேரித் தண்ணி குடிக்கிற தண்ணி. கமான் பட்டை உருக்குல கார்பன் அரை சதவீதத்துக்கு மேல இருக்குது, குரோமியம் இல்லைன்னே வெச்சுக்கலாம். அதனால துரு பிடிக்கும், வாஸ்தவம். ஆனா கரைக்கு வந்ததும் துடைச்சு எண்ணெய் தடவினா மேலோட்டமான கறையோட நின்னுடும். சாணைக்கல்லுல நாலு இழுப்புல கூர் வந்துடும். இன்னொண்ணு, பரிசல்ல ஒரு கை எப்பவும் துடுப்புல இருக்கும். ஈரக் கையில மடக்குக்கத்தியைத் திறக்கறது கஷ்டம். உறையில இருந்து உருவற கத்திதான் அவசரத்துக்கு ஆகும்.

உருக்கு_ஈரோடு:
துடைத்து எண்ணெய் தடவினால் என்கிறீர்கள், சரி. பொழுதுக்கும் ஈரத்தில் கிடக்கிற கத்தியை யார் துடைப்பது? மீன் இரத்தத்திலும் உப்பு உண்டு. அது காய்ந்து ஒட்டினால் ஒரே ராத்திரியில் அலகில் புள்ளி விழும். நொய்யல் பக்கம் போகிறவர் ‘நல்ல தண்ணீர்’ என்று நம்பவே கூடாது. திருப்பூர் சாயப்பட்டறைகளில் துணியில் சாயம் ஏற உப்பைத்தான் அள்ளிப் போடுகிறார்கள். அந்தக் கழிவால் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு முற்றியது.

எச்1 ஏன் துருப்பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ். கடினம் வேண்டுமென்று கார்பனைக் கூட்டினால் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், துருவைத் தடுக்க மிச்சம் குறையும். இந்த உருக்குகளில் கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்க்கிறார்கள், அதனால் குரோமியம் தன் வேலைக்கு மிஞ்சுகிறது. குறையும் உண்டு: எச்1 சாதா அலகு சீக்கிரம் மழுங்கும். கயிறு அறுக்கப் பல் வைத்த அலகாக வாங்குங்கள்.

கூடுதுறை_பரிசல்:
பல் அலகைத் தட்டைக் கல்லுல தீட்ட முடியாதுங்களே? ஒவ்வொரு பள்ளமா உருண்டைக் கம்பியில தேய்க்கணும். தங்கூசிங்கற நைலான் நரம்புக்குச் சாதா அலகுதான் சுத்தமா வெட்டும், பல்லுல நரம்பு மாட்டிக்கும்.

உருக்கு_ஈரோடு:
நரம்புக்கு நீங்கள் சொல்வது சரி. ஈரமான தடிக் கயிற்றில் சாதா அலகு வழுக்கும், அதுக்குப் பல்தான். அடிப்பக்கம் பல், நுனிப்பக்கம் சாதா என்று பாதிக்குப் பாதி வருவதை வாங்கலாம். நுனி மட்டும் கூராக இருக்கக் கூடாது. பரிசலின் அடியில் இருப்பது தாரடித்த சாக்கு, கைதவறி விழுந்தால் ஓட்டை. தண்ணீரில் வலைக்குள் ஆள் சிக்கினால் கூர்நுனி அவர் உடம்பில்தான் ஏறும். மொட்டை மூக்கு அலகே நல்லது.

படகு_மெக்கானிக்:
ரெண்டு பேரும் உருக்கைப் பத்தியே பேசறீங்க. கத்தி போறது துருவால இல்லீங்க, நெம்பறதால. ஸ்க்ரூ முடுக்கினா நுனி உடையும். நெம்பினா பூட்டுத் தகடு வழுக்கி அலகு விரல் மேலயே மடங்கும். இஞ்சினோட ஸ்பார்க் பிளக்கைக் கத்தியில சுரண்டினா பீங்கான் மேல உலோகக் கோடு விழுந்து பொறி அந்த வழியா ஓடிடும். பித்தளை பிரஷ்லயும் சுரண்டாதீங்க, மாத்து பிளக் ஒண்ணு வெச்சுக்குங்க.

கத்திக்கு நெசமான வேலை புரொப்பெல்லர்ல வலையோ ஆகாயத்தாமரையோ சுத்தும்போதுதான். இஞ்சினை அணைச்சு, தப்பித்தவறி ஸ்டார்ட் ஆகாம இருக்க கில் சுவிட்ச் கயிற்றை உருவி கையில வெச்சுக்குங்க. இஞ்சினைத் தூக்கிச் சாய்ச்சு நியூட்ரல்ல போட்டு, சுத்துன திசைக்கு எதிரா கையால திருப்புங்க, பாதி தானா கழண்டு வரும். மீதியை ஷாஃப்ட் நீளவாக்குல, வெளிப்பக்கமா அறுத்து துண்டுதுண்டா எடுங்க. குறுக்கே அறுத்தா, கியருக்குள்ள தண்ணி போகாம தடுக்கற ஆயில் சீல்ல அலகு படும். கண்ணுக்குத் தெரியற நரம்பு போனதும் முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. கரைக்கு வந்து நட்டு கழலாம பிடிக்கற ஸ்ப்ளிட் பின், நட்டு கழட்டி, புரொப்பெல்லரை இழுத்துப் பின்னாடி பாருங்க. அங்க ஒரு சுத்து நரம்பு இருந்தாலும் சீலை அறுத்துடும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்தா தண்ணி உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்.

ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தக் கத்தி வேண்டாம், கட்டிங் பிளேயர் வேணும். சின்ன இஞ்சின்ல ஷியர் பின் உடைஞ்சா ஆணியை அடிச்சு ஓட்டாதீங்க. அந்தப் பின் உடையறதுக்குன்னே வெச்சது, அது உடையலைன்னா கியர் பல்லு உடையும். அதே அளவுல ரெண்டு பின் டப்பாவுல போட்டு வைங்க.

மேட்டூர்_வலை:
அப்படியானால் நெம்பும் வேலையைக் கத்தியிடமிருந்து எடுத்துவிடுகிறேன். ஒரு பிளேயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கத்தி. கீல் துரு பற்றி யாரும் சொல்லவில்லையே?

உருக்கு_ஈரோடு:
முக்கியமான இடமே அதுதான். கீலின் இடுக்கில் தண்ணீர் தேங்கினால் காற்றுப் படாது, ஸ்டெயின்லெஸ்ஸின் காப்புப் படலம் மறுபடி உருவாகாது. அலகு பளபளவென்று இருக்கும், கீல் உள்ளுக்குள் அரிக்கும். அலகு எச்1 என்பார்கள், உள்ளே இருக்கிற ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் மட்ட உருக்காக இருக்கும். வாங்கும்போது அதைக் கேளுங்கள்.

கூடுதுறை_பரிசல்:
உறைக்கத்தியில கீலே இல்லீங்க, அதைத்தான் முதல்லயே சொல்ல வந்தேன். தோல் உறை மட்டும் வேண்டாம், ஈரத்தை இழுத்து வெச்சு ராத்திரி முழுக்க அரிக்கும். பிவிசி பைப்பைச் சூடுகாட்டி அமுக்கி, அடியில ஓட்டை போட்டுக்குங்க, தண்ணி வடிஞ்சுடும். கத்தியோட பிடியில ஒரு முழக் கயிறு கட்டி மிதவைக் கட்டையும் கோர்த்துடுங்க.

மேட்டூர்_வலை:
கீலுக்குத் தேங்காயெண்ணெய் போதுமா?

படகு_மெக்கானிக்:
மார்கழிக் காலைக் குளிர்ல உறைஞ்சு போய் அலகு திறக்காது. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்து மண்ணைப் பிடிச்சுக்கும். நம்மூர்ல எந்தத் தையல் கடையிலயும் மிஷின் ஆயில் இருக்கும், கீலுக்கு ரெண்டு சொட்டு விட்டுத் திறந்து மூடுங்க. மீன் வெட்டற அலகுல அது படக் கூடாது, அலகுக்கு மட்டும் தேங்காயெண்ணெயைத் துணியில தொட்டுத் துடைங்க.

கூடுதுறை_பரிசல்:
கீலுக்கு ஆயில் தேடறவங்களுக்கு இது சரி. நான் சொன்னது சொன்னதுதானுங்க, பரிசலுக்கு உறைக்கத்தி.

படகு_மெக்கானிக்:
பரிசலுக்குச் சரி. இஞ்சின் வெச்ச படகுன்னா பிளேயர் இல்லாமக் கிளம்பாதீங்க, கத்தி எதா இருந்தாலும்.