ஃபாரமிரைப் படத்தில் கெடுத்துவிட்டார்களா?

ஏட்டுச்சுரைக்காய்:
டோல்கீனின் நாவலை வைத்துப் பீட்டர் ஜாக்சன் எடுத்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களைத் திரும்பப் பார்த்தேன். டாம் பாம்பாடிலை விட்டதற்கெல்லாம் நான் சண்டைக்கு வரவில்லை, அவர் இல்லாமலும் கதை நடக்கும். கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபாரமிரை மாற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாவலில், தீய சக்தியான சௌரானின் மோதிரத்தை அழிக்கப் போகிற ஃபிரோடோவின் துணைவன் சாம், ஃபாரமிரின் குகை மறைவிடத்தில் அதைப் பற்றி வாய்தவறி உளறிவிடுவான். ஃபாரமிர் எழுந்து நின்று, தன் தகுதியைக் காட்ட நல்ல வாய்ப்புதான் என்பான். ஃபிரோடோவும் சாமும் துள்ளியெழுந்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கத்திப்பிடியைத் தேடுவார்கள். அவனோ மறுபடி உட்கார்ந்து மெல்லச் சிரிப்பான். படத்தில் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு வாள்முனையால் மோதிரச் சங்கிலியைத் தூக்குகிறான். அப்புறம் இருவரையும் கைதிகளாக ஓஸ்கிலியாத் நகரத்துக்கு இழுத்துப்போகிறான். மோதிரத்தைப் பறிக்கப் பார்த்த அண்ணன் போரமிருக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

பால்கனி டிக்கெட்:
கடைசியில் விட்டுவிடுகிறானே, அதுதான் வித்தியாசம். மந்திரவாதி கந்தால்ஃபே தொடப் பயப்படுகிற மோதிரம் அது. திடீரென்று ஒருவன் வந்து ‘எனக்கு வேண்டாம்’ என்றால் தியேட்டரில் இருப்பவன் நம்புவானா? இன்னொன்று, நாவலின் இரண்டாம் பாகம் ஷீலாப் சிலந்தியோடு முடியும். ஜாக்சன் அதை 2003 படத்துக்குத் தள்ளிவிட்டார். ஒரு பக்கம் ஹெல்ம்ஸ் டீப் போர் நடக்கும்போது, இன்னொரு பக்கம் ஃபிரோடோ குகையில் பேசிவிட்டுக் கிளம்பினான் என்று 2002 படத்தை முடிக்க முடியுமா?

ஏட்டுச்சுரைக்காய்:
சரி, ஓஸ்கிலியாத்தில் என்ன நடக்கிறது? பறந்து வந்த நாஸ்கூலுக்கு நேர் எதிரே ஃபிரோடோ மோதிரத்தோடு நிற்கிறான். சௌரானின் கையாளே பார்த்தாயிற்று. அடுத்த படத்தில் ஃபிரோடோவின் நண்பன் பிப்பின், தூரத்தில் உள்ளதைக் காட்டும் பலந்தீர் கல்லைத் தொட்டதும், மோதிரம் அவனிடம்தான் இருக்கிறது என்று சௌரான் நினைக்கிறானாம்!

சும்மா வந்தேன்:
நாஸ்கூலுக்கு நம்மைப்போல் கண் தெரியாது என்று ஃபிரோடோவோடு வந்த வீரர் அரகோர்னே சொல்லியிருக்கிறார். இதற்கே இவ்வளவு கோபமென்றால், ‘ஹாபிட்’ என்ற ஒரு புத்தகத்தை மூன்று படமாக இழுத்து, நாவலில் இல்லாத டாரியலுக்குக் காதலும் வைத்தார்களே, அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

பால்கனி டிக்கெட்:
‘ஹாபிட்’ பக்கம் நான் வரவில்லை. ஆனால் ஓஸ்கிலியாத் இல்லையென்றால், பெரிய கதைகளில் வருகிறவர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை என்று சாம் பேசுகிற இடம் கிடைத்திருக்குமா?

ஏட்டுச்சுரைக்காய்:
அதன் வேர் நாவலில் சிரித் உங்கோல் மலைப் படிக்கட்டில் இருக்கிறது நண்பரே. நாமும் ஒரு கதைக்குள்தான் இருக்கிறோமோ என்று இருவரும் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள், ஃபிரோடோ வாய்விட்டுச் சிரிப்பான். படத்தில் அதே படிக்கட்டில் லெம்பாஸ் ரொட்டியைத் தின்றுவிட்டான் என்று சாமை வீட்டுக்கு விரட்டுகிறான்!

பால்கனி டிக்கெட்:
படிக்கட்டுக் காட்சிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஃபாரமிருக்கு வாங்குவேன். நீளமான பதிப்பில் ஒரு பழைய நினைவு வரும். அப்பா டெனதோர் மூத்தவனைக் கொண்டாடுவார், இளையவனை மட்டம்தட்டுவார். அதைப் பார்த்தால், மோதிரத்தை அப்பாவிடம் கொண்டுபோக அவன் ஏன் நினைத்தான் என்பது புரியும். தியேட்டர் பதிப்பில் அதை வெட்டியதுதான் தப்பு, கதையை மாற்றியது அல்ல.

ஏட்டுச்சுரைக்காய்:
அப்பா மெச்சவில்லை என்று ஏங்குகிற பிள்ளையை எந்தப் படத்திலும் பார்க்கலாம். நாவலில் அவன், அது என்ன பொருள் என்று சரியாகத் தெரியாமலே, வழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பான். தெரிந்த பிறகு, அந்தச் சொல்லையே சபதமாகக் கொள்வேன் என்பான். அந்த ஆளைக் காட்ட நல்ல நடிகர் ஒருவரும் ஐந்து நிமிஷமும் போதும்.

பால்கனி டிக்கெட்:
டோல்கீனுக்கே அவனைப் பேசவைக்க ஒரு முழு அத்தியாயம் தேவைப்பட்டது. அதை அப்படியே எடுத்திருந்தால் நான் நடுவில் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போயிருப்பேன்.

சும்மா வந்தேன்:
எனக்கும் சேர்த்து ஒன்று வாங்குங்கள்.