அம்மாவின் வீட்டைக் காலி செய்கிறோம்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கூறைநாட்டுப் பெண்

எல்லாருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் இருக்கும் எங்கள் பிறந்த வீட்டை விற்பதாகப் பேசி முடித்துவிட்டோம். தை பிறப்பதற்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அம்மாவுக்கு 76 வயது. இனிமேல் தனியாக விட முடியாது என்று சொல்லி, சென்னையில் என்னோடு வந்து இருக்கச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். என்னுடையது வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஊர் வீடோ முற்றம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, பரண் என்று நீண்டு கிடக்கிறது.

பரணில் பித்தளை அண்டா, தவலை, வெண்கலப் பானை, ஈயச்சொம்பு எல்லாம் இருக்கின்றன. சீராகவும் மொய்யாகவும் வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் தனி. ஒன்று விடாமல் பெயர் வெட்டியிருக்கிறது. அப்பாவின் மேஜையிலும் இரண்டு டிரங்குப் பெட்டிகளிலும் காகிதம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து அப்பா பைண்டு செய்து வைத்த புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய. ஓடாத பழைய பெட்டி டிவி. அம்மாவின் பட்டுப்புடவைகள் சில மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கின்றன. ஆனால் கூறைப்புடவை மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது.

தம்பி துபாயில் இருக்கிறான். "காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு மொத்தமாகப் போட்டுவிடு, மிச்சத்தைப் போகியில் கொளுத்திவிடு" என்கிறான். அம்மா காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கூட வேண்டும் என்கிறார். நான் பரணில் ஏறினாலே அவர் முகம் மாறுகிறது. வீட்டை விட்டு வருவதே அவருக்குப் பெரிய துக்கம். அதற்கு மேல் நானும் நோகடிக்கக் கூடாது. எங்கிருந்து ஆரம்பிப்பது? இந்த மாதிரி காலி செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஒண்டுக்குடித்தனம்

அக்கா, எனக்கு எதிர்க்கருத்து இருக்கிறது, கோபப்படாதீர்கள். ஒவ்வொரு பொருளாக எடுத்து "இது வேண்டுமா" என்று பார்த்தால் எல்லாமே வேண்டியதுதான். முதலில் உங்கள் ஃபிளாட்டில் அம்மாவுக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்யுங்கள். ஒரு பீரோ, சமையலறையில் ஒரு தட்டு, கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தை அளந்து அம்மாவிடமே சொல்லிவிடுங்கள். அதற்குள் எது வரவேண்டும் என்பது அவர் முடிவு, நீங்கள் வாயே திறக்க வேண்டாம். அதற்கு மேல் இருப்பதுதான் கொடுக்கவோ விற்கவோ வேண்டியது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் பாட்டியின் சாமான்களை எல்லாம் பாசத்தில் கொண்டுவந்து அடுக்கினோம். பாட்டி நடக்கவே வழியில்லாமல் போனது. வயதானவர்களுக்குப் பொருளைவிடத் தடுக்கி விழாத தரை முக்கியம்.

அப்புறம், தம்பி சொல்கிற மாதிரி போகியில் கொளுத்த வேண்டாம். 2018 போகியன்று புகையும் பனிமூட்டமும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது. கிழிந்த பாயை எரிக்கிற பழக்கத்தில் ஆரம்பித்தது இன்று ரெக்சின், ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் வந்து நிற்கிறது. அந்தப் புகையை முதலில் இழுக்கப்போவது உங்கள் அம்மாதான்.

டிவியையும் காயலான் கடையில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காகப் படக்குழாயை உடைத்துப் போட்டுவிடுவார்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்கள் மேல் வைத்திருக்கின்றன. புது டிவி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கேஷியர்

சகோதரி, அண்டாவும் தவலையும் காத்திருக்கும். முதலில் அந்த டிரங்குப் பெட்டிகளைத் திறங்கள். பழைய பேப்பர்காரர் தராசில் என்னென்ன ஏறிப் போய்விடுகிறது என்பதை வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் நான். அப்பா போனபின் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு, பிறகு வந்து "ஏதாவது டெபாசிட் இருந்ததா சார்" என்று கேட்கிறவர்களின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கட்டாக எடுத்துப் புரட்டக் கூடாது. தாள் தாளாக எடுங்கள். அந்தத் தலைமுறை ஆட்கள் ரசீதைப் பஞ்சாங்கத்துக்குள் செருகுவார்கள், காலண்டர் அட்டைக்குப் பின்னால் வைப்பார்கள், சாமி படச் சட்டத்தின் முதுகில்கூட ஒட்டியிருப்பார்கள். அப்பாவின் பைண்டு புத்தகங்களையும் ஒவ்வொன்றாக விரித்து உதறிப் பாருங்கள்.

வீட்டை விற்கப்போவதால் தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீதுகள் கையில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தாய்ப்பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து அலைய வேண்டும். அதற்குள் தை பிறந்துவிடும். அப்பா அரசு வேலையில் இருந்தவர் என்றால் பென்ஷன் ஆர்டரைத் தனியாக எடுத்து வையுங்கள். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த எண் எப்போதும் தேவைப்படும்.

ஓரத்தில் பூவேலை, கம்பெனி முத்திரை, நம்பர் எல்லாம் போட்ட கெட்டித்தாள் கிடைத்தால் அது பங்குச் சான்றிதழாக இருக்கலாம். 10 பங்கு, 20 பங்கு என்று எழுதியிருக்கும், பார்த்தால் அற்பமாகத் தெரியும். போனஸ், பங்குப் பிரிப்பு என்று பெருகி அது இன்று நல்ல தொகையாக இருக்கலாம். 2019 ஏப்ரலிலிருந்து காகிதச் சான்றிதழை வைத்து விற்க முடியாது. வாரிசு பேருக்கு மாற்றி, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் (லாபப் பங்கு) வாங்காமல் விட்டிருந்தால் பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போயிருக்கும். அதையும் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். தாள் இல்லாவிட்டால் இதெல்லாம் இருந்ததே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

வங்கி டெபாசிட் 10 வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாறும். ஆனாலும் உரிமை போகாது, உங்கள் வங்கி மூலமே கேட்கலாம். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டுகளைத் தேட 2023ல் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. அப்பா பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பெயரை எழுத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே மனிதருக்குப் பாஸ்புக்கில் ஒரு ஸ்பெல்லிங், ரேஷன் கார்டில் ஒரு ஸ்பெல்லிங் என்று இருப்பது நம் ஊர் வழக்கம்.

அம்மாவின் அரிசி டின், புடவை மடிப்பு, அஞ்சறைப் பெட்டியும் பாக்கி வேண்டாம். 2000 ரூபாய் நோட்டு கிடைத்தால் சென்னையில் ரிசர்வ் வங்கி அலுவலகத்திலேயே மாற்றலாம். 2016ல் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகள் கிடைத்தால் மாற்ற வழியில்லை. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வதானாலும் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பது 2017 சட்டப்படி குற்றம். மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் உள்ளே விடாதீர்கள்.

பாத்திரக்கடை மருமகள்

கேஷியர் சார் காகிதத்தைச் சொன்னார், நான் பாத்திரத்தைச் சொல்கிறேன். என் புகுந்த வீட்டில் கும்பகோணத்தில் பாத்திரக்கடை. பரணிலிருந்து இறங்கும் சாமானைப் பார்த்தே பழகியவள்.

மொத்தமாக ஒரே தராசில் ஏற்ற விடாதீர்கள் அக்கா. வெண்கலம் வேறு, பித்தளை வேறு. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, விலை கூடுதல். கறுத்துக் கிடந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பாத்திரத்தை விளிம்பில் தொடாமல் உள்ளங்கையில் வைத்து, ஒரு கரண்டியால் மெதுவாகத் தட்டுங்கள். வெண்கலம் கணீரென்று நீட்டிப் பாடும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். கீறல் விட்டிருந்தால் வெண்கலமும் பாடாது, அதனால் கீறலையும் பாருங்கள்.

ஈயச்சொம்பை விற்கவே விற்காதீர்கள். அது நல்ல வெள்ளீயம், பித்தளையைவிடப் பல மடங்கு விலை. ஆனால் பழைய சாமான் கடையில் காரீயம் என்றோ அலுமினியம் என்றோ சொல்லி வாங்கிப்போவார்கள். சின்னது, இடமும் அடைக்காது, அம்மா ரசம் வைக்கட்டும். அடுப்பில் வைக்கும்போது மட்டும் கவனம்: உள்ளே தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் உருகி வழிந்துவிடும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும்.

எவர்சில்வருக்குப் பழைய விலை ரொம்பக் குறைவு. கிடைக்கிற காசுக்கு மனசு கேட்காது. ஊரில் யாராவது புதுக் குடித்தனம் போடுகிறவர்களுக்கு, வீட்டு வேலைக்கு வந்த அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள். அண்டா, தவலையைக் கோவில் மடப்பள்ளியில் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் கொண்டுபோய் இறக்காதீர்கள், அங்கேயும் பரண் நிறைந்துதான் இருக்கிறது.

பட்டுப்புடவை இற்றுப்போனாலும் ஜரிகைக்கு விலை உண்டு. முந்தானை ஓரத்தில் ஓர் இழையை ஊசியால் நெம்பி எடுத்து நகத்தால் சுரண்டுங்கள். மேலே இருக்கிற உலோகம் போய் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல் வெள்ளி ஜரிகை. வாசலில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் கொடுக்காமல், மெஷின் வைத்து வெள்ளி எவ்வளவு என்று காட்டுகிற கடையில் கொடுங்கள். கூறைப்புடவையை யாரிடமும் காட்டவே வேண்டாம். பருத்தியும் பட்டும் கலந்து கட்டம் போட்ட பழைய கூறைநாட்டு நெசவு இப்போது கிடைப்பது அரிது.

கோவைப் பாட்டி

கண்ணு, நான் உங்கம்மா இடத்தில் இருந்து பேசுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் இருந்த வீட்டை விட்டு கோவையில் மகன் வீட்டுக்கு வந்தவள்.

"இது வேணுமா, வேண்டாமா" என்று கேட்டால் நாங்கள் வேணும் என்றுதான் சொல்வோம். வேண்டாம் என்று சொன்னால் இத்தனை நாள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்ததெல்லாம் வீண் என்று ஆகிவிடுகிறதே. என் மருமகள் அப்படிக் கேட்கவில்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு தூக்குப்போசியைக் கையில் கொடுத்து, "இதை யாருக்குக் குடுக்கலாங்க அத்தை?" என்று கேட்டாள். எனக்கு அந்த நொடியே எதிர்வீட்டுப் பெண் ஞாபகம் வந்துவிட்டது. மளமளவென்று ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். நான் கொடுத்தேன், என்னிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

பெயர் வெட்டிய பாத்திரத்தை அம்மா கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லு. யார் வைத்த மொய், அவர்கள் எந்த ஊர், யாருக்கு யார் உறவு என்று சொல்லிக்கொண்டே வருவார். போனில் பதிவு பண்ணிக்கோ. சொல்லி முடித்தால் பாதிப் பாத்திரத்தைக் கொடுக்க அவருக்கே மனசு வந்துவிடும். ஒருவேளை அந்த வீட்டுப் பேரன் பேத்திக்கே திரும்பப் போய்ச் சேரட்டும் என்பார்.

எது கூட வரும் என்று நீ நினைப்பதும் அவர் கேட்பதும் ஒன்றாக இருக்காது. நான் வெள்ளிக் குத்துவிளக்கை மகளிடம் கொடுத்துவிட்டு, அரிவாள்மனையும் இரும்புத் தோசைக்கல்லும்தான் கொண்டுவந்தேன். பழகின தோசைக்கல் இருந்தால் புது வீட்டில் சமையலறைக்குள் போக ஒரு காரணம் இருக்கும். கத்தியில் நறுக்கு என்று அம்மாவிடம் சொல்லாதே. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் நாலைந்து கொண்டுபோ, பருப்பு போட்டு வைக்க அவருக்கு அதுதான் கைக்கு வரும்.

ஒண்டுக்குடித்தனம் தம்பி சொன்ன அந்த ஒரு பீரோ சரிதான். ஆனால் சாவி அம்மாவிடம் இருக்கட்டும்.

கூறைநாட்டுப் பெண்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை டிரங்குப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாட்டி, நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். இன்னும் மூன்று சந்தேகம். அப்பாவின் மாத்திரைகள், அவர் பிடித்து நடந்த வாக்கர் இவற்றை என்ன செய்வது? பைண்டு புத்தகங்களை எடுத்துக்கொள்ள ஆள் உண்டா? கணக்கு எண், கையெழுத்து எல்லாம் இருக்கும் பழைய தாள்களை எரிக்காமல் எப்படி ஒழிப்பது?

ஓய்வுபெற்ற கேஷியர்

வாக்கரை முதியோர் இல்லத்தில் கேளுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். மாத்திரையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து, காப்பித்தூள் சக்கையிலோ மண்ணிலோ கலந்து, மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அப்படியே போட்டால் பொறுக்குகிறவர் கைக்குப் போகும்.

புத்தகங்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வைத்து 1994ல் உருவானது. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற இதழ்களாகவும் இருக்கலாம். அதனால் பட்டியல் எழுதி முதலில் கேளுங்கள். தொடர்கதையைத் தனியாகக் கிழித்துக் கட்டியதில் இதழின் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் அவர்களுக்கு முடிவு செய்வது சுலபம்.

கோவைப் பாட்டி

தாளை எரிக்கவும் வேண்டாம், கடைக்குப் போடவும் வேண்டாம் கண்ணு. துண்டு துண்டாகக் கிழித்து ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறப் போடு. இரண்டு நாளில் கூழாகிவிடும், எந்த எழுத்தும் மிஞ்சாது. அதோடு ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துச் சேர்த்து அம்மாவிடம் கொடு. பரணில் முறமோ மூங்கில் கூடையோ கட்டாயம் இருக்கும். அதன் மேல் இந்தக் கூழைப் பூசி இடுக்கை அடைக்கத் தெரியாதவராக இருக்க மாட்டார். வெயிலில் நன்றாகக் காய வை, அரைகுறையாகக் காய்ந்தால் பூசணம் பிடிக்கும்.