வேலை போன பிறகு ஆஸ்பத்திரியில் மனு எழுதித் தருகிறேன், இது சரியா?

ராணிப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 47. ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் 17 வருடம் டைம் ஆபீஸில் இருந்தேன். வருகைப் பதிவு, பிஎஃப் (சேமநிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் என் கையில்தான். ஆர்டர் இல்லை என்று சொல்லி தீபாவளி முடிந்த கையோடு எங்களில் சிலரை நிறுத்திவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் ரொம்ப மோசம். காலையில் பக்கத்துக் கம்பெனி சங்கு ஊதினால் கை தானாகச் சட்டையைத் தேடும். "இன்னிக்கு லீவா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பால் வாங்கக்கூட பத்து மணிக்கு மேல்தான் வெளியே போவேன்.

ஜனவரியில் மாமியாரை வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பாட்டி மஞ்சப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, "இதுல இன்னா எழுதிக்கீது நைனா?" என்று கேட்டார். ஜவ்வாது மலையிலிருந்து வந்திருக்கிறார், மகன் புளியமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லை, அதற்கு எங்கே போவது என்றும் தெரியவில்லை. ரேஷன் அட்டையில் முனியம்மா, ஆதாரில் முனியம்மாள். இந்த மாதிரி பெயர்க் கோளாறை பிஎஃப்புக்காக நான் எத்தனை பேருக்குச் சரி செய்திருப்பேன்! அங்கேயே ஒரு மனு எழுதி, பெருவிரலில் மை தடவி ரேகை வைக்கச் செய்து, விஏஓவிடம் வருமானச் சான்று வாங்க என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சான்றோடு திரும்பி வந்ததும் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு நானே கூட்டிப்போனேன். அட்டை கைக்கு வந்த அன்று ராத்திரி, ரெண்டு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இப்போது வாரத்தில் நாலு நாள் போகிறேன். மனு எழுதுவது, எந்த அறை என்று சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதித் தருவது, ஸ்கேனுக்குப் போனவர் திரும்பும்வரை கூட வந்தவரோடு உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான். யாரிடமும் காசு வாங்குவதில்லை.

வீட்டில் மனைவி ஜாக்கெட் தைக்கிறாள், மகள் பிளஸ் டூ. போன வாரம் மனைவி, "ஊருக்கெல்லாம் மனு எழுதறீங்க, உங்களுக்கு ஒரு பயோடேட்டா எழுதினீங்களா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. வேலை தேடுவதிலிருந்து தப்பிக்கத்தான் இதைச் செய்கிறேனா? நிறுத்திவிட்டால் அந்த ரெண்டு மாதம் திரும்ப வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா வாசி:

அண்ணா, முதலில் ஒன்று கேட்கிறேன், கிராஜுவிட்டி (பணிக்கொடை) வாங்கிவிட்டீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. 17 வருடத்துக்கு வருடம் 15 நாள் சம்பளம் கணக்கு, ஒரு நாள் சம்பளத்துக்கு மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசி அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 14,000 என்று வைத்தால்கூட 1,37,000க்கு மேல் வரும். 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. ஆட்குறைப்பு என்றால் அதற்கும் தனியாக ஈட்டுத்தொகை உண்டு. கம்பெனி இழுத்தடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு போடுங்கள். பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். 10 வருடம் தாண்டியதால் 58 வயதில் பென்ஷன் தனியாக இருக்கிறது. சேவையெல்லாம் நல்லதுதான், ஆனால் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் மாதம் வந்துகொண்டே இருக்கிறது.

குடியாத்தம் அக்கா:

நான் உங்கள் மனைவி பக்கத்திலிருந்து பேசுகிறேன் தம்பி. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தறிப்பட்டறை மூடியபோது அவரும் கோயில் அன்னதானத்துக்குத்தான் ஓடினார். காலையில் போனால் மதியம் மூணு மணி. எனக்குக் கோபம் அன்னதானத்தின் மேல் இல்லை. வீட்டில் நான் ஒருத்தி கணக்குப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துகொண்டிருந்தேன், அதை அவர் என்னோடு உட்கார்ந்து பேசவே இல்லை, அதுதான் கோபம். ஒரு நாள் நானும் கூடப் போனேன். பந்தியில் ஒரு வயசானவருக்கு சாம்பார் சூடாக இருக்கிறது என்று ஊதி ஊதி ஊற்றிக்கொண்டிருந்தார் மனுஷன். வேலை போனதிலிருந்து அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு நானே வாரத்தில் ரெண்டு நாள் போய் வாருங்கள் என்றேன். உங்கள் மனைவியை ஒரு நாள் அடுக்கம்பாறைக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி நோட்டை எடுத்து வைத்து, கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் வரும் என்று ரெண்டு பேரும் எழுதுங்கள்.

கணியம்பாடி:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினொரு நாள் நான் அதே ஆஸ்பத்திரியில் இருந்தேன். எந்த ஜன்னலில் எந்தத் தாளைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றபோது பெயர் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். டாக்டரும் நர்ஸும் அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் நூறு பேருக்கு நடுவில் நம் கூட ஒருவர் நடந்து வருவது வேறு. நிறுத்திவிடாதீர்கள் சார். நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கிழமை வருவீர்கள் என்று மட்டும் அங்கே சொல்லிவையுங்கள்.

அப்புறம், உங்களுக்குத் தெரிந்த வேலைக்கு ஆள் தேவைதான். பிஎஃப், இஎஸ்ஐ கணக்குகளை வெளியில் கொடுத்துச் செய்யும் சின்னக் கம்பெனிகள் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நிறைய. மாதம் இவ்வளவு என்று பேசி நாலு கம்பெனி பிடித்தால் போதும். பழைய ஆடிட்டர்கள் யாரையாவது பாருங்கள்.

ராணிப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வாலாஜா தம்பி, கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் நானே விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், எனக்கென்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் வேலை போனது உறுதியாகிவிடும் போல ஒரு எண்ணம். நேற்று ராத்திரி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க, நான் நிரப்பினேன். இன்று காலை ஸ்பீட் போஸ்டில் போட்டாகிவிட்டது.

அக்கா, நோட்டும் போட்டோம், ஆறு மாதம் வரை சமாளிக்கலாம். இனி செவ்வாய், வெள்ளி மட்டும் அடுக்கம்பாறை, மற்ற நாள் ஆம்பூர் பக்கம் கம்பெனிக்காரர்களைப் பார்க்கப் போகிறேன். இந்த வெள்ளிக்கிழமை மனைவியும் கூட வருகிறாள். முனியம்மா பாட்டியின் மகன் அன்று கட்டுப் பிரிக்க வருகிறானாம், போன தடவை பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்த சாமையில் பொங்கல் செய்து எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.